பாச்சை உருண்டையும் கணினிக்குள் ஒரு சிவப்பணுவும்

மலேசிய மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்க மாட்டோம். அதற்குள் ஒரு சோதனை தொடங்கிவிடும். தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் கொஞ்சம் இரத்தம் ஆய்வகத்துக்குப் போகிறது. அதில் தைராய்டையும் பார்ப்பார்கள், ‘ஜி6பிடி’ என்ற ஒன்றையும் பார்ப்பார்கள். ஜி6பிடியைப் பார்ப்பது 1980களிலிருந்து இந்த நாட்டில் நடந்துவரும் வழக்கம். முடிவு சரியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. குறைபாடு என்று வந்தால் குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் எழுதி, தாயையும் பிள்ளையையும் சில நாள் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்து மஞ்சள் காமாலை ஏறுகிறதா என்று கவனிப்பார்கள். போகும்போது கையில் ஒரு தாள் தருவார்கள்: இந்த மருந்து கூடாது, இந்தப் பயறு கூடாது, ‘உபாட் கெகாட்’ கூடாது.

உபாட் கெகாட் என்றால் நம் வீட்டுச் சேலைப் பெட்டியில் கிடக்கும் பாச்சை உருண்டைதான். அந்துருண்டை என்றும் சொல்வோம், ரசகற்பூரம் என்றும் சொல்வோம். அதற்கும் குழந்தையின் இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏன் கூடாது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. காரணம் தெரியாத தடையை நம் வீடுகளில் எத்தனை நாள் கடைப்பிடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் படித்தது உயிர்வேதியியல். வேலை பார்ப்பது பிரிக்பீல்ட்ஸில், கணினித் துறையில். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்வருகிறேன். இந்த இரண்டு படிப்பும் கைகுலுக்கும் இடம் ஒன்று உண்டு. உயிரணுவுக்குள் ஓடும் வேதிப்பாதைகளைக் கணினியில் வரைந்து காட்டும், ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள். அந்தத் தாள் சொல்லாமல் விட்ட காரணத்தை அவற்றால் கண்ணுக்குக் காட்ட முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கிள்ளானில் தொடங்கும் கதை

ஜி6பிடி குறைபாடு மலேரியா விட்டுச்சென்ற சுவடு. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் மலேரியா தலைமுறை தலைமுறையாக ஆட்டிப்படைத்த நிலப்பகுதிகளின் வழிவந்தவர்கள். இந்தக் குறைபாடுள்ள சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்றாக வளர முடிவதில்லை. அதனால்தான் இந்த மரபணு மாற்றம் அழியாமல் தங்கிவிட்டது.

நம் ஊர் மலேரியாவுக்குப் பெயர்போன ஊர். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் பார்த்தது காய்ச்சலில் காலியாகிக்கொண்டிருந்த நகரத்தை. அதே ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) அதே கதி. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, காட்டை அழித்து, கொசுவை விரட்டினார் வாட்சன். தோட்டங்களில் செத்துமடிந்த தமிழ்த் தொழிலாளர்களின் கணக்கு அவர் எழுதிய அறிக்கைகளில் இருக்கிறது. நம்மில் பலருடைய பூட்டன் பாட்டிகள் அந்தக் கணக்கில் சேராமல் தப்பியவர்கள்.

பிறகு மலேரியாவுக்குப் பிரைமாகுயின் என்ற மருந்து வந்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்தது. ஏன் சிலருக்கு மட்டும்? 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். அவர்களுடைய சிவப்பணுக்களில் ஒரு நொதி போதுமான அளவு வேலை செய்யவில்லை. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்பது அதன் முழுப்பெயர். சுருக்கினால் ஜி6பிடி.

கேஎல் சென்ட்ரலில் ஒரு கிளைப் பாதை

இரத்தச் சிவப்பணு விசித்திரமான உயிரணு. முதிர்ந்தபின் அதற்குள் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. புதிதாக ஒரு நொதியைக்கூடச் செய்துகொள்ள முடியாது. பிறக்கும்போது கட்டிக்கொண்டு வந்த சோற்றுமூட்டையை வைத்தே 120 நாள் ஓட வேண்டும்.

உள்ளே நுழையும் குளுக்கோஸ் முதலில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாறுகிறது. இதை கேஎல் சென்ட்ரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பயணிகள் இங்கிருந்து பிரதான பாதையில் போய், உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலாக, அதாவது ஏடிபியாக, மாறுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பக்கத்துக் கிளைப் பாதையில் திரும்பும். அதன் பெயர் பென்டோஸ் பாஸ்பேட் பாதை. அந்தக் கிளையின் நுழைவாயிலில் டிக்கெட் பார்ப்பதுதான் ஜி6பிடி.

கிளைப் பாதையில் என்ன கிடைக்கிறது? என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு. துருப்பிடிக்காமல் காக்கும் குளூட்டாதயோனைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொடுப்பது இதுதான். மற்ற உயிரணுக்களுக்கு என்ஏடிபிஎச் செய்ய வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இந்த ஒரு கிளைப் பாதையை விட்டால் வேறு போக்கில்லை. ஆய்வகச் சோதனையும் இதையே பிடித்துக்கொள்கிறது. என்ஏடிபிஎச் புற ஊதா ஒளியில் மினுங்கும். குழந்தையின் இரத்தப் பொட்டு மினுங்கினால் நொதி வேலை செய்கிறது. இருட்டாகவே இருந்தால் குறைபாடு.

சுவரில் ஒட்டிய வரைபடம்

இந்தப் பாதைகளை எல்லாம் ஒரே தாளில் வரைந்துவிட வேண்டும் என்ற ஆசை பழையது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் நிக்கல்சன் 1955இல் தம் மாணவர்களுக்காக அப்படி ஒன்றை வரைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருந்தார். உயிர்வேதியியல் துறைகளின் சுவர்களில் அது தொங்காத இடம் குறைவு. பார்த்தால் தலைசுற்றும். சிலந்தி வலைமேல் நூலாம்படை படிந்தது மாதிரி.

கணினி வந்தபின் வரைபடம் சுவரிலிருந்து இறங்கியது. 1995இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா தொடங்கிய ‘கெக்’ என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண், ஒவ்வொரு நொதிக்கும் ஒரு பெட்டி. பெட்டியைச் சொடுக்கினால் மரபணு வரும், புரதம் வரும், நோய் வரும். எந்த உயிரினம் என்று சொன்னால் அதனிடம் உள்ள நொதிகளை மட்டும் பச்சையாக்கிக் காட்டும். 2003இல் அமெரிக்காவிலிருந்து வந்த சைட்டோஸ்கேப் இன்னொரு வகை: ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளுக்கு இடையிலான உறவுகளை வலைப்பின்னலாக விரித்து, நம் சோதனை முடிவுகளை அதன்மேல் வண்ணமாகப் பூசிப் பார்க்கலாம்.

இந்த வரைபடங்கள் தாமாக முளைப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் உள்ள உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் இளைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எந்தப் புரதம் எதைத் தொடுகிறது என்று கையால் பதிவு செய்தார்கள். அப்படி உருவானது ‘நெட்பாத்’. புற்றுநோய், நோயெதிர்ப்பு சம்பந்தமான சமிக்ஞைப் பாதைகளின் தொகுப்பு அது. கணினி செய்தது என்று நாம் வாய்பிளக்கும் பல காரியங்களுக்குப் பின்னால் இப்படி யாரோ சிலரின் கண்வலி இருக்கிறது.

டோல் சாவடிக் கணக்கு

ஆனால் வரைபடம் ஒன்றைச் சொல்லாது. கொமுட்டர் வரைபடத்தைப் பார்த்தால் கிள்ளானுக்குப் பிறகு எந்த நிலையம் என்று தெரியும். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு உட்கார இடம் கிடைக்குமா என்று தெரியாது. பாதை இருக்கிறது என்பது வேறு, பாதை தாங்குமா என்பது வேறு. வரைந்து காட்டும் மென்பொருளுக்கும் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதல் வகையின் அழகில் மயங்கி அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் வண்ண வலைப்பின்னல்களில் பாதியாவது வெறும் அலங்காரம் என்பது என் எண்ணம்.

ஓட்டிப் பார்க்கும் வகையை விளக்க கூட்டரசு நெடுஞ்சாலையின் பத்து தீகா டோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2018 பிறந்தபோதுதான் அங்கே கட்டணம் ஒழிந்தது. அதற்கு முன் அந்த வழியே வேலைக்குப் போனவர்களுக்கு நொதியின் கணிதத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் வர வர, வெளியேறும் வேகமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனை கார் வந்தாலும் சாவடிகள் தங்கள் உச்ச வேகத்துக்கு மேல் விட முடியாது. மைக்கேலிஸும் மென்டனும் 1913இல் நொதிகளுக்கு எழுதிய சமன்பாடு சொல்வது இதையே.

இப்போது பத்துச் சாவடியில் ஒன்பதை மூடிவிடுங்கள். நள்ளிரவில் ஒரு குறையும் தெரியாது. வரும் கார் ஒன்றிரண்டு, மிச்சமிருக்கும் ஒரு சாவடி போதும். ஜி6பிடி குறைபாடுள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளின் பெரும்பகுதி எந்த நோயும் இல்லாமல் இருப்பது இதனால்தான். காலை நெரிசல் வரும்போதுதான் சங்கதி வெளிப்படும். நாப்தலீன், அதாவது பாச்சை உருண்டை, உடலுக்குள் போய் உருமாறும்போது அதுதான் காலை நெரிசல். குளூட்டாதயோன் செலவாகிக்கொண்டே இருக்கும். ஒற்றைச் சாவடியால் ஈடுகொடுக்க முடியாது. சிவப்பணு உடையும். உடைந்ததிலிருந்து பிலிருபின் வரும். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் அதைக் கழிக்கத் திணறும். பிலிருபின் அளவுமீறி மூளையில் படிந்தால் காதும் அறிவும் கைகால் அசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

இந்தக் கணக்கைப் போட இலவசமாகவே கிடைக்கும் மென்பொருள் ‘கோபாசி’. வேதிவினைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் வேகத்தையும் கொடுத்தால், நேரம் போகப்போக எந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். படமாக வரைந்தே மாதிரி செய்ய ஜப்பானில் உருவான ‘செல்டிசைனர்’ இருக்கிறது. ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் திறக்க எல்லாருக்கும் பொதுவான ‘எஸ்பிஎம்எல்’ என்ற கோப்பு மொழி 2000ஆம் ஆண்டுவாக்கில் வகுக்கப்பட்டது. இந்தப் பொதுமொழி இல்லாதிருந்தால் ஆளுக்கொரு தீவாக உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மாவின் சேலைப் பெட்டி

அக்காவின் மகனுக்கு இந்தக் குறைபாடு என்று கையேட்டில் எழுதியபோது, “புள்ளைக்கு என்னப்பா சீக்கு? நம்ம பரம்பரையில யாருக்கும் இல்லையே” என்றுதான் அம்மா கேட்டார். மாமியார் வீட்டிலும் அதே கேள்வி, கொஞ்சம் வேறு தொனியில். தூளி கட்டுவதற்காக அம்மா தம் பழைய பருத்திச் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்திருந்தார். அறைக்குள் போகும்போதே உருண்டை வாசம் மூக்கில் ஏறியது.

நான் மடிக்கணினியைத் திறந்து கோபாசியில் நான்கு வினைகள் மட்டும் கொண்ட ஒரு பொம்மை மாதிரியைச் செய்தேன். உண்மையான சிவப்பணுவோடு ஒப்பிட்டால் அது கோலிகுண்டுக்கும் பூமிக்கும் உள்ள தூரம். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லும். ஜி6பிடியின் திறனைப் பாதியாக்கினேன், குளூட்டாதயோன் கோடு அசையவில்லை. ஐந்தில் ஒன்றாக்கினேன், பத்தில் ஒன்றாக்கினேன். அப்போதும் லேசான தணிவுதான்.

“ஒண்ணும் ஆகலையே, சும்மா பயமுறுத்துறானுங்க” என்றார் அம்மா.

பிறகு இரண்டு மாதிரிகளிலும் ஒரே நேரத்தில் ஆக்ஸிஜனேற்றச் சுமையை ஏற்றினேன். நொதி முழுதாக இருந்த மாதிரியில் கோடு ஒருமுறை குழிந்து மறுபடி எழுந்தது. பத்தில் ஒன்றாக்கியதில் கோடு விழுந்தது. எழவே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “கீழ போன கோடு மேல வரலையேப்பா.” அன்று மாலையே சேலைகள் பின்கட்டுக்குப் போயின. மருமகனுக்குத் தூளி கட்டப் புதுத் துணி வாங்கி, துவைத்து, ஸ்பிரிங்கில் கட்டினோம்.

‘பரம்பரையில் இல்லை’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். தாயிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் அவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. குறைபாடுள்ள தந்தை தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுப்பார், மகன்களுக்குக் கொடுக்கவே மாட்டார். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. குறைபாடு பேத்திக்கு என்றால், மருமகளைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பாட்டிகளின் தந்தை வழியிலும் இது வந்திருக்கலாம்.

தோற்றுப்போன மாதிரி

என் பொம்மையை விடுங்கள். உண்மையான வேலை ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. மசாரு தொமிதா தலைமையிலான குழு ‘ஈ-செல்’ என்ற மென்பொருளை உருவாக்கி, 1999இல் 127 மரபணுக்கள் மட்டும் கொண்ட ஒரு கற்பனை உயிரணுவைக் கணினிக்குள் ஓடவிட்டது. அடுத்து சிவப்பணுவைக் கையில் எடுத்தார்கள். உட்கரு இல்லாததால் மாதிரி செய்ய அதுதான் தோது. அமெரிக்காவில் ஜோஷியும் பால்சனும் 1980களின் இறுதியிலேயே அதற்கு வழி போட்டிருந்தார்கள்.

2005இல் தொமிதாவின் குழு அந்தக் கணினிச் சிவப்பணுவுக்கு ஜி6பிடி குறைபாட்டைக் கொடுத்துப் பார்த்தது. மாதிரி தோற்றது. நிஜமான நோயாளியின் சிவப்பணுவில் காணும் நிலையை அதனால் காட்ட முடியவில்லை. இந்தத் துறையிலேயே எனக்குப் பிடித்த இடம் இது. மாதிரி தப்பாகப் போனால் நம் வரைபடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். தேடினார்கள். சிவப்பணு தானே புதிதாகக் குளூட்டாதயோன் செய்துகொள்ளும் பாதையும், செலவாகிப்போன குளூட்டாதயோனை வெளியே தள்ளும் வாசலும் மாதிரியில் இல்லை. இரண்டையும் சேர்த்தார்கள். மாதிரி நிஜத்தோடு ஒத்துப்போனது. குறைபாடுள்ளவர்களின் சிவப்பணு ஏன் உடனே சாவதில்லை என்பதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஜி6பிடி குறைபாடு ஒன்றல்ல, பல. சென்னை மருத்துவரும் கோலாலம்பூர் மருத்துவரும் பார்ப்பது ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்களிடம் ‘வியாங்சான்’, சீனர்களிடம் ‘கேன்டன்’, இந்திய வம்சாவளியினரிடம் ‘மெடிட்டரேனியன்’, ‘கேரளா-கல்யாண்’, ‘ஒரிசா’ என்று வகைகளுக்கு ஊர்ப்பெயர்கள். சில வகைகள் வெறும் மருந்துக்கும் பயறுக்கும் மட்டும் எதிர்வினை காட்டும். சில அரிய வகைகள் எந்தத் தூண்டுதலும் இல்லாமலே ஆயுள்முழுதும் இரத்தச்சோகை தரும். 2002இல் கலிபோர்னியாவில் பால்சன் குழு, பல வகைகளின் நொதி அளவீடுகளைக் கணினிச் சிவப்பணுவில் போட்டு, ஆக்ஸிஜனேற்றச் சுமையை ஏற்றிப் பார்த்தது. நாள்பட்ட வகையும் மற்றதும் தெளிவாகப் பிரிந்து நின்றன. பைருவேட் கைனேஸ் என்ற வேறொரு நொதிக்கு அதே கணக்கைப் போட்டபோது அவ்வளவு தெளிவு கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கணினி விடை சொல்லிவிடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பாச்சை உருண்டை போட்ட துணியைக் குழந்தைக்குப் போர்த்தவும் வேண்டாம், தூளி கட்டவும் வேண்டாம். குழந்தை இருக்கும் அறையிலேயே உருண்டை வேண்டாம், அதன் ஆவியே போதும். சாமிக்கு ஏற்றும் கற்பூரம் வேறு வேதிப்பொருள். ஆனாலும் பச்சிளங்குழந்தையின் உடம்பில் அதைத் தடவுவதும் ஆபத்து. காச்சாங் பூத்தே பொட்டலத்தில் வரும் பெரிய பட்டைப் பயறு, ஃபாவா எனப்படுவது, தவிர்க்க வேண்டியது. நம் மொச்சை அதுவல்ல, வேறு செடி. தாளில் இருக்கும் மலாய்ப் பெயர் குழப்பினால் கிளினிக் கெசிஹாத்தானில் தாதியிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளானால் இளவெயிலில் காட்டிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். மருத்துவமனையின் நீல ஒளிச் சிகிச்சைக்கு அது மாற்றாகாது. பெரியவர்கள் ஆனபின்னும் எந்த மருத்துவரிடம் போனாலும், நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும், முதலில் ‘ஜி6பிடி’ என்று சொல்ல வேண்டும். சிவப்பணு உடைந்த கையோடு சோதித்தால் முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டக்கூடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். நொதி குறைந்த முதிய அணுக்கள்தான் முதலில் உடையும். மிச்சமிருப்பவை நொதி அதிகமுள்ள இளம் அணுக்கள். அதனால்தான் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

பாங்கி வரை போனால்

இதைப் படிக்கும் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உயிரியல் என்றால் டாக்டர், கணினி என்றால் புரோகிராமர் என்ற இரண்டே கதவுகளை நம் வீடுகள் காட்டுகின்றன. நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைப்புமுறை உயிரியலுக்கென்றே ‘இன்பயோசிஸ்’ என்ற ஆய்வுக்கழகம் உண்டு. செம்பனை வாரியத்தின் ஆய்வு மையமும் பாங்கியில்தான். 2013இல் ‘நேச்சர்’ இதழில் செம்பனையின் மரபணுத் தொகுதியை, ஏறத்தாழ 180 கோடி எழுத்துகளை, வெளியிட்ட குழுவை வழிநடத்தியவர்களில் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் ராஜிந்தர் சிங்கும் முக்கியமானவர்கள். அதே இதழில், பழத்தின் ஓடு தடிப்பதா மெலிவதா என்பதை முடிவுசெய்யும் மரபணுவையும் அவர்கள் அறிவித்தார்கள். ஓடு மெலிந்த வகை சுமார் 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். நம் பாட்டன்மார் தோளில் சுமந்த குலைக்குள் எண்ணெய் எந்தப் பாதையில் திரளுகிறது என்பதையும் இதே மென்பொருள்களில் வரைந்து பார்க்க முடியும்.

தொடங்குவதற்குப் பணம் வேண்டாம். சைட்டோஸ்கேப்பும் கோபாசியும் இலவசம். பிறர் செய்த மாதிரிகளைப் பதிவிறக்க இங்கிலாந்தில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் ‘பயோமாடல்ஸ்’ கிடங்கு திறந்தே கிடக்கிறது. கெக்கைத் தளத்திலேயே பார்ப்பதற்குக் காசில்லை. மொத்தமாக இறக்கிக்கொள்ள மட்டும் 2011இலிருந்து சந்தா கேட்கிறார்கள். அங்கே 00030 என்ற எண்ணுள்ள வரைபடத்தைத் திறந்து, மனிதனைத் தேர்ந்தெடுத்து, 1.1.1.49 என்று எழுதிய பச்சைப் பெட்டியைத் தேடுங்கள். கிளைப் பாதையின் டிக்கெட் வாசல் அதுதான்.